கீல்வாதத்திற்கு மருந்து உண்டு, கண்காணிப்பு உண்டா?

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறும் சாலை போனக்காட்டில் முடிகிறது. அதற்கப்பால் காடு, காட்டிற்கு அப்பால் அகத்தியர்கூடம். பிரிட்டிஷார் காலத்தில் தோன்றிய தேயிலைத் தோட்டம் ஒன்றே இவ்வூருக்கு வாழ்வளித்து வந்தது. தோட்டத்தின் உற்பத்தி நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. எனினும், கொழுந்து பறித்த தலைமுறையினரில் ஒரு பகுதியினர் பழைய லயங்களிலேயே முதுமை அடைந்து வருகின்றனர்.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவ வசதி முதலாளியின் கருணையைச் சார்ந்த ஒன்றாக இருத்தலாகாது என்பதை நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளிலேயே பாராளுமன்றம் உணர்ந்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், அதன் பத்தாவது பிரிவின் வாயிலாக, தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தினர்க்கும் மருத்துவ வசதி அளிப்பதைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கிற்று. பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலை ஆகியவை குறித்த 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, அதன் இடத்தைப் பெற்றது. ஆயினும் சட்டத்தால் தீர்க்கவியலாத சிக்கல் ஒன்று உண்டு. வசதியைத் தோட்டத்துடன் பிணைத்துவிட்டால், தோட்டம் நலியும்போது வசதியும் நலிகிறது, நோயோ நலிவதில்லை.

மருத்துவ வசதியைக் கணக்கிடும்போது அலுவலகங்கள் பெரும்பாலும் இரண்டையே எண்ணிப் பார்க்கின்றன. ஒன்று கட்டடம், மற்றொன்று மருந்து. மூன்றாவதாக எண்ணத்தக்கது கண்காணிப்பு. மருந்தை உட்கொள்பவரைத் திரும்பத் திரும்பப் பார்த்து, சோதித்து, அளவைத் திருத்தும் பணியே அது. இம்மூன்றாவது இல்லாதபோது முதலிரண்டும் எவ்வாறு பயனற்றுப் போகின்றன, சில வேளைகளில் தீங்காகவும் மாறுகின்றன என்பதை விளக்குவதற்குக் கீல்வாதத்தைவிடப் பொருத்தமான நோய் இல்லை எனலாம்.

நோயின் தன்மை

ஆங்கில மருத்துவர்கள் கவுட் என வழங்கும் கீல்வாதம் யூரிக் அமிலத்தால் விளைவது. உடலின் உயிரணுக்களிலும் உணவிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதையும்போது இவ்வமிலம் உண்டாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் இதனை மேலும் சிதைக்கும் யூரிகேஸ் என்ற நொதி உள்ளது. மனிதரிடம் அது இல்லை. ஆகவே, சிறுநீரகமே அதைப் பெரும்பாலும் வெளியேற்ற வேண்டும். இரத்தத்தில் அதன் அளவு ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைக் கடந்தால், நீரில் கரையாது மிஞ்சிய உப்பைப் போல, ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் படியத் தொடங்குகிறது. இப்படிகங்களை உடலின் தற்காப்பு அணுக்கள் தாக்கும்போது எழும் அழற்சியே கீல்வாதம்.

பெரும்பாலும் கால் பெருவிரலின் அடிமூட்டில், நள்ளிரவிலோ விடியற்காலையிலோ நோய் தோன்றுகிறது. மூட்டு சிவந்து வீங்குகிறது. போர்வை படுவதையும் பொறுக்க முடிவதில்லை. ஒன்றிரண்டு வாரங்களில் வலி தானாகவே தணிந்துவிடும். நோயாளி ஏமாறுவது இவ்விடத்திலேதான். வலி போயிற்று, படிகங்கள் போகவில்லை. அவை ஆண்டுக்கணக்கில் திரண்டு மூட்டுகளைச் சிதைக்கின்றன. சிறுநீரகத்தில் கற்களாகவும் அமைகின்றன.

இந்த அறிவு ஒரு நாளில் கிட்டியதன்று. ஸ்வீடன் நாட்டு வேதியியலார் ஷீலே 1776-இல் சிறுநீர்க் கல்லிலிருந்து யூரிக் அமிலத்தைக் கண்டறிந்தார். 1797-இல் வொல்லாஸ்டன் கீல்வாதக் கட்டியிலும் அதன் உப்பு இருப்பதைக் காட்டினார். 1848-இல் ஆல்பிரட் கேரட் என்ற ஆங்கில மருத்துவர், நோயாளிகளின் இரத்தத்தில் இவ்வமிலம் மிகுந்திருப்பதை மெய்ப்பித்தார். மூட்டு நீரிலுள்ள படிகங்களை நுண்பெருக்கி வாயிலாக மக்கார்ட்டியும் ஹாலண்டரும் 1961-இல் அடையாளம் கண்ட பின்னரே, நோயை ஐயமற உறுதி செய்யும் வழி பிறந்தது.

கீல்வாதம் செல்வர்களின் நோய் என்ற பழைய எண்ணம் இன்று பொருந்தாது. மதுப்பழக்கம், உடற்பருமன், சிறுநீரகக் கோளாறு, உயர் இரத்த அழுத்தம், குடும்பவழிப் பண்பு ஆகியவை இதற்குத் துணை நிற்கின்றன. இவற்றுள் எதுவும் மாளிகைக்கு மட்டும் உரியதன்று.

எல்லாம் வாதமே?

லயங்களில் மூட்டுவலி யாவற்றுக்கும் ‘வாதம்’ என்பதே பெயர். தேய்மானத்தால் வரும் முழங்கால் வலியும், முடக்குவாதமும், கீல்வாதமும் இந்த ஒரு பெயரில் அடங்கிவிடுகின்றன. 2006, 2007-ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சலுக்குப் பின்னர் மாதக்கணக்கில் நீடித்த மூட்டுவலியும் இதே கணக்கில் சேர்ந்தது. பெயர் ஒன்றாயிருப்பதால் மருந்தும் ஒன்றாகிறது. கடையில் கிடைக்கும் வலி மாத்திரையே அது.

ஐம்பது வயதைக் கடந்த தொழிலாளி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆண்டிற்கு இருமுறை அவர் கால்விரல் வீங்குகிறது. மருத்துவரைக் காண வேண்டுமெனில் விதுராவிற்கு இறங்க வேண்டும். ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் அதற்குச் செலவு. வலி மாத்திரையோ சில ரூபாய்களில் கிடைக்கிறது; ஓரிரு நாளில் வீக்கமும் வடிகிறது. பொருளியல் மாணவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. கையிலுள்ள வருமானத்திற்கும் தூரத்திற்கும் ஏற்ப அவர் எடுத்த முடிவு பகுத்தறிவுக்கு உகந்ததே. ஆனால் அம்முடிவின் முழு விலை அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வலி மாத்திரைகளும் கழுகுகள் தந்த பாடமும்

இன்டோமெதசின், நேப்ராக்சன், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் முதலியவை ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கிகள் என்னும் வகையைச் சார்ந்தவை. கீல்வாதத் தாக்குதலின்போது இவற்றைக் குறுகிய காலத்திற்கு, தகுந்த அளவில் பயன்படுத்துவது மருத்துவம் ஏற்றுக்கொண்ட முறையே. தீங்கு விளைவது நீடித்த பயனால். இரைப்பையில் புண்ணும் குருதிக் கசிவும் உண்டாகலாம். இரத்த அழுத்தம் உயரலாம். இதய நோயாளிகளின் நிலை மோசமாகலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதி குறைந்து அதன் செயல்திறன் கெடலாம். கீல்வாத நோயாளியின் சிறுநீரகம் பல வேளைகளில் ஏற்கெனவே பழுதுற்றது. அது மேலும் பழுதடைந்தால் யூரிக் அமிலம் வெளியேறுவது குறைந்து, நோயின் வேர் வலுப்பெறுகிறது.

இவ்வகை மருந்து சிறுநீரகத்தை எந்த அளவிற்குத் தாக்கவல்லது என்பதற்கு இந்தியத் துணைக்கண்டத்திலேயே ஒரு சான்று கிடைத்தது. 1990-களிலிருந்து கழுகுகள், குறிப்பாகப் பிணந்தின்னிக் கழுகுகள், பெருந்தொகையில் மடிந்தன. மூன்று இனங்களில் 95 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பறவைகள் அழிந்தன. காரணம் 2004-இல் வெளியான ஆய்வில் புலனாயிற்று. மாடுகளுக்கு வலி நீங்க டைக்ளோஃபினாக் செலுத்தப்பட்டது. அம்மாடுகளின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெண்பூச்சாகப் படிந்தது. கீல்வாத வலியைப் போக்கும் மருந்தே கழுகுகளுக்கு உள்ளுறுப்புக் கீல்வாதத்தைக் கொடுத்தது. 2006-இல் கால்நடைகளுக்கு இம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்திய அரசு தடை செய்தது. பின்னர், மனிதர்க்கான பெரிய ஊசி மருந்துக் குப்பிகள் கால்நடைகளுக்குத் திருப்பப்படுவதைத் தடுக்க, 2015-இல் அக்குப்பியின் அளவும் 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது.

கழுகின் உடல் வேறு, மனித உடல் வேறு. கழுகுக்கு நேர்ந்தது அப்படியே மனிதர்க்கு நேராது. ஆயினும், மருந்து யாரிடம், எந்த அளவில், எவ்வளவு காலம் சேர்கிறது என்பதை ஒருவரும் கவனியாதபோது என்ன நிகழும் என்பதற்கு அது தக்க எச்சரிக்கை.

அழற்சி நீக்கிகளை ஏற்க இயலாத நோயாளிகளுக்குப் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சில நாட்களுக்கு அளிப்பதுண்டு. இவையும் பயனுள்ளவையே. எனினும் நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரையை இவை உயர்த்தும். நெடுநாள் உட்கொண்டால் எலும்பு மெலியும். தொற்றுநோய்க்கு எதிரான ஆற்றல் குன்றும். திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. சந்தைகளில் பெயரின்றி விற்கப்படும் வாதப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. ஒரே நாளில் வலி பறந்தது என்று புகழப்படும் பொடியை ஐயத்துடன் நோக்குவதே அறிவுடைமை.

காந்தள் தரும் மருந்து

கீல்வாதத்திற்கெனவே அமைந்த பழம்பெரும் மருந்து கோல்சிசின். மேற்கு நாடுகளில் இது கோல்சிக்கம் என்னும் செடியிலிருந்து கிடைத்தது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த டிராலஸ் நகரத்து அலெக்சாண்டர் என்ற மருத்துவர் இவ்வினத்துக் கிழங்கைக் கீல்வாதத்திற்குக் கையாண்டார். 1820-இல் பிரெஞ்சு வேதியியலாரான பெலெத்தியே, கவாந்து இருவரும் அதன் செயற்பொருளைப் பிரித்தெடுத்தனர்.

அதே பொருள் தென்னாட்டு மண்ணிலும் விளைகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் கோல்சிசின் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரப் புதர்க்காடுகளில் தானாகவே படரும் இக்கொடியைத் தமிழர் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைக்கிழங்கு என்றும், மலையாள மக்கள் மேந்தோன்னி என்றும் அழைப்பர். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் வட்டாரங்களில் உழவர்கள் இதனைப் பயிரிட்டு, மருந்து உற்பத்திக்காக விதையை விற்று வருகின்றனர். கீல்வாத மருந்தின் மூலப்பொருளை உலகிற்கு அளிக்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

செங்காந்தள் நஞ்சு என்பதையும் மறத்தலாகாது. சித்த மருத்துவர்கள் இக்கிழங்கைச் சுத்தி செய்த பின்னரே கையாள்கின்றனர். சுத்தி செய்யாத கிழங்கை உண்டு மாண்டவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. நியங்கலா என்று இது அறியப்படும் இலங்கையிலும் உண்டு. காட்டில் பறித்த கிழங்கில் எவ்வளவு கோல்சிசின் உள்ளது என்பதை எவரும் கண்ணால் அளந்துவிட முடியாது. மாத்திரையின் பயன் அது அளவிடப்பட்டது என்பதிலேயே அடங்கியுள்ளது.

அந்த அளவைப் பற்றியே மருத்துவ உலகம் நெடுங்காலம் தவறான வழக்கத்தைப் பின்பற்றி வந்தது. வலி தீரும்வரை, அல்லது வயிற்றுப்போக்குத் தொடங்கும்வரை, மணிக்கொரு முறை மாத்திரை கொடுப்பது பழைய முறை. 2010-இல் வெளியான ஆய்வொன்று இரு முறைகளை ஒப்பிட்டது. ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் உட்கொண்டவர்களில் 33 விழுக்காட்டினர்க்கும், ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராம் மட்டும் உட்கொண்டவர்களில் 38 விழுக்காட்டினர்க்கும் வலி பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது. வயிற்றுப்போக்கோ, முன்னவரில் 77 விழுக்காட்டினர்க்கும் பின்னவரில் 23 விழுக்காட்டினர்க்கும் நேர்ந்தது. மிகுதியான மருந்து மிகுதியான பயனைத் தரவில்லை. மிகுதியான துன்பத்தையே தந்தது.

கோல்சிசினின் நன்மை தரும் அளவுக்கும் தீமை தரும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. அளவு மீறினால் முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோன்றும். பின்னர் எலும்பு மச்சை செயலிழந்து இரத்த அணுக்கள் குறையும். பல உறுப்புகள் ஒருசேரப் பழுதாகும். இதற்கென எளிதிற் கிட்டும் முறிமருந்து இல்லை. இரத்தச் சுத்திகரிப்பாலும் உடலிலிருந்து இதனை நீக்க இயலாது. சிறுநீரகம் அல்லது ஈரல் பழுதுற்றவர்களுக்கு வழக்கமான அளவே மிகையாகிவிடும். கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும், இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் வெரபாமில், டில்டியாசெம் ஆகியவையும் உடலில் கோல்சிசினின் அளவை உயர்த்தும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மருந்துகளுடன் சேரும்போது தசை நலிவு ஏற்படலாம். ஆகவே, இருமலுக்கு மருந்து கேட்டுச் செல்லும் நோயாளி, தாம் கோல்சிசின் உட்கொள்வதை மருத்துவரிடம் சொல்லுதல் இன்றியமையாதது.

வேரைத் தாக்கும் மருந்து

இதுவரை கூறப்பட்டவை எல்லாம் வலியைத் தணிப்பவை. யூரிக் அமிலத்தைக் குறைப்பவை வேறு. அவற்றுள் தலையாயது அல்லோபூரினால். அமெரிக்காவில் ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் புற்றுநோய் மருந்தான மெர்காப்டோபியூரின் உடலில் விரைந்து சிதைவதைத் தடுக்கும் வழியைத் தேடியபோது இதன் ஆற்றல் தெரியவந்தது. 1966-இல் இது கீல்வாத மருந்தாக அங்கு ஒப்புதல் பெற்றது. இவ்விருவர்க்கும் 1988-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. யூரிக் அமிலம் உண்டாவதற்குத் துணைபுரியும் சாந்தீன் ஆக்சிடேஸ் என்னும் நொதியை இம்மருந்து தடுக்கிறது. இந்தியாவின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அல்லோபூரினாலும் கோல்சிசினும் இடம்பெற்றுள்ளன.

இம்மருந்தைப் பற்றி நோயாளிகள் அறிய வேண்டுவன மூன்று.

முதலாவது, இது வலி மாத்திரையன்று. நாள்தோறும், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும், உட்கொள்ள வேண்டியது. தொடங்கிய முதற்சில மாதங்களில் பழைய படிகங்கள் கரையும்போது வலி மீண்டும் எழக்கூடும். ‘மருந்து நோயைக் கூட்டிவிட்டது’ என்று எண்ணிப் பலர் நிறுத்திவிடுவது இக்கட்டத்திலேயே. இதனைத் தவிர்க்கவே மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை சிறிய அளவில் கோல்சிசினைத் துணையாக மருத்துவர் சேர்க்கிறார்.

இரண்டாவது, அளவு படிப்படியாக உயர வேண்டும். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தத்தைச் சோதித்து, யூரிக் அமிலம் 6 மில்லிகிராமிற்குக் கீழே இறங்கும்வரை உயர்த்துவதே சரியான முறை. தொடக்க அளவிலேயே நின்றுவிட்டால் மருந்து உட்கொண்டும் நோய் நீங்காது.

மூன்றாவது, அரிதாயினும் கொடிய ஒவ்வாமை உண்டு. ஆயிரத்தில் ஓரிருவர் என்ற அளவிலேயே நேரும் இது, பெரும்பாலும் முதல் எட்டு வாரங்களுக்குள் தோன்றுகிறது. காய்ச்சல், தோலில் தடிப்பு, வாயிலும் கண்ணிலும் புண், தோல் உரிதல் ஆகியவை அறிகுறிகள். இவை தோன்றினால் மறுவேளை மாத்திரையை உட்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காலந்தாழ்த்தினால் உயிரிழப்பும் நேரலாம். ஒரு மரபுக்கூற்றைக் கொண்டவர்களுக்கு இவ்வாபத்து மிகுதி என்பதைத் தைவான் ஆய்வாளர்கள் 2005-இல் கண்டறிந்தனர். அக்கூறு மிகுந்து காணப்படும் ஹான் சீனர், கொரியர், தாய்லாந்து மக்களிடையே முன்கூட்டியே சோதித்தல் இன்று பரிந்துரைக்கப்படுகிறது. உறுப்பு மாற்றச் சிகிச்சை பெற்றோர் உட்கொள்ளும் அசாத்தியோபிரின் என்ற மருந்துடன் அல்லோபூரினாலைச் சேர்த்தால் முன்னதன் நச்சுத்தன்மை பன்மடங்கு பெருகும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அல்லோபூரினால் ஒவ்வாதவர்களுக்கு ஃபெபக்சோஸ்டாட் உண்டு. அமெரிக்காவில் 2009-இல் ஒப்புதல் பெற்ற இம்மருந்தை உட்கொண்டவர்களிடையே இதய நோயால் நேரும் இறப்பு மிகுதி என 2018-இல் ஓர் ஆய்வு கூறிற்று. மறு ஆண்டு அந்நாட்டு மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை பிறப்பித்தது. 2020-இல் ஐரோப்பாவில் முடிந்த மற்றோர் ஆய்வு அத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை. இதய நோயாளிகளுக்கு இதனைக் கவனத்துடன் அளிப்பதே நன்று. சிறுநீர் வழியாக யூரிக் அமிலத்தை வெளியேற்றும் புரொபெனசிட் மற்றொரு வகை. சிறுநீர்க் கல் உள்ளவர்களுக்கு அது ஏற்றதன்று.

பிற மருந்துகள் கீல்வாதத்தைத் தூண்டுவதும் உண்டு. இரத்த அழுத்தத்திற்கு அளிக்கப்படும் தயசைடு வகை மாத்திரைகள் யூரிக் அமிலத்தை உயர்த்துகின்றன. அதே நோக்கிற்கான லொசார்டன் சிறிதளவு குறைக்கிறது. காசநோய்ச் சிகிச்சையில் இடம்பெறும் பைரசினமைடும் எத்தாம்பியூட்டாலும் இவ்வமிலத்தை உயர்த்துபவை. மூட்டுவலி கண்ட காசநோயாளி தாமாகவே சிகிச்சையை நிறுத்திவிட்டால் நேரும் கேடு கீல்வாதத்தைவிடப் பெரிது. காசநோய்ப் பணியாளர் இதனை அறிந்திருந்தால், நோயாளியை ஆற்றுப்படுத்திச் சிகிச்சையில் நிறுத்த இயலும்.

விலையும் செலவும்

மருந்தின் விலையை நோக்கும்போது இரு படிப்பினைகள் தென்படுகின்றன.

ஒன்று அமெரிக்காவிலிருந்து கிடைப்பது. அங்கு கோல்சிசின் பழைய மருந்தாகையால் முறையான ஒப்புதலின்றியே நெடுங்காலம் விற்பனையாகி வந்தது. 2009-இல் ஒரு நிறுவனம் ஆய்வு நடத்தி ஒப்புதல் பெற்று, சில ஆண்டுகளுக்குத் தனியுரிமையும் பெற்றது. ஏறத்தாழ ஒன்பது சென்ட்டுக்கு விற்ற மாத்திரை ஐந்து டாலரை நெருங்கிற்று. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே மருத்துவர் கையாண்ட மருந்து, ஏழை நோயாளிக்கு எட்டாக்கனியாயிற்று. இந்தியாவில் நிலைமை வேறு. இன்றியமையா மருந்துப் பட்டியல், 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, மக்கள் மருந்தகங்கள் ஆகியவற்றால் கீல்வாத மருந்துகளின் விலை பெரும் தடையாக இல்லை.

மற்றொரு படிப்பினை இங்கிலாந்தின் நாட்டிங்காமிலிருந்து கிடைப்பது. 2018-இல் வெளியான ஆய்வில் 517 கீல்வாத நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கம்போல் மருத்துவரிடம் சென்றனர். மறு பிரிவினரைப் பயிற்சி பெற்ற செவிலியர் கவனித்தனர். நோயின் தன்மையை விளக்கினர். நோயாளியின் அச்சங்களைக் கேட்டறிந்தனர். இரத்தத்தைச் சோதித்து அளவை உயர்த்தினர். ஈராண்டுகளுக்குப் பின்னர், செவிலியர் பிரிவில் 95 விழுக்காட்டினர்க்கு யூரிக் அமிலம் இலக்கிற்குக் கீழே இறங்கியிருந்தது. மறு பிரிவில் அவ்வாறு இறங்கியது 30 விழுக்காட்டினர்க்கே. இரு பிரிவினர்க்கும் கிடைத்த மருந்துகள் ஒன்றே; கண்காணிப்பே வேறு.

இவ்விரண்டையும் போனக்காட்டின் நிலையோடு பொருத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். தொழிலாளியைத் தடுப்பது மருந்தின் விலையன்று. மருந்தையும் சோதனையையும் அடைவதற்கு ஆகும் விலை. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டுமெனில், அளவைப் படிப்படியாக உயர்த்தும் சிகிச்சை நடைபெறாது. வலி மாத்திரையே வெல்லும். அதன் செலவு பத்தாண்டுகளுக்குப் பின் சிறுநீரகச் சுத்திகரிப்பாக அரசு மருத்துவமனையின் கணக்கிலும், குடும்பத்தின் கடனாகவும் வந்து சேரும்.

செய்யத்தக்கவை

இதற்குப் புதிய கட்டடமோ பெரும் ஒதுக்கீடோ தேவையில்லை. கேரளத்தில் 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப நல மையங்களாக உயர்த்தப்பட்டு வருகின்றன. ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகச் செல்கின்றனர். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் இரத்தம் சோதிக்கப்படும்போதே, மூட்டு வீக்கம் உள்ளவர்களுக்கு யூரிக் அமிலத்தையும் கிரியாட்டினினையும் சேர்த்துச் சோதிக்கலாம். இரத்த மாதிரி மலையிறங்கினால் போதும். நோயாளி ஒவ்வொரு முறையும் இறங்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு நோயாளிக்கும் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்ட அட்டை ஒன்று வழங்கலாம். உட்கொள்ளும் மருந்துகள் யாவும் அதில் எழுதப்பட வேண்டும். தோல் தடிப்பு, கறுத்த மலம், சிறுநீர் குறைதல், கடும் வயிற்றுப்போக்கு, தசைத் தளர்ச்சி ஆகிய ஐந்து அறிகுறிகளில் எது தோன்றினாலும் உடனே மருத்துவரை நாட வேண்டும் என்பதும் அதில் இடம்பெற வேண்டும். கீல்வாத மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்ற விதி ஏட்டளவில் நில்லாமல் கடைகளில் நடைமுறைப்பட வேண்டும்.

பக்க விளைவுகளைப் பதிவு செய்வதும் இதன் ஒரு பகுதியாகும். 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தை, காசியாபாத்திலுள்ள இந்திய மருந்துத்தர நூல் ஆணையம் ஒருங்கிணைத்து வருகிறது. மருத்துவர் மட்டுமன்றி, செவிலியரும் நோயாளியும்கூட 1800 180 3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி வாயிலாகத் தெரிவிக்கலாம். மலைத் தோட்டங்களிலிருந்து இத்தகைய செய்திகள் வாராதிருப்பின், அங்குத் தீங்கு நேரவில்லை என்று பொருளாகாது. பார்ப்பவர் இல்லை என்பதே பொருள்.

தோட்டத் தொழிலாளியின் உடல் நலத்தை அவர் கொழுந்து பறித்த ஆண்டுகளோடு முடித்துக்கொள்வது முறையன்று. அவர் கைகளின் உழைப்பு நாட்டின் அந்நியச் செலாவணியில் சேர்ந்தது; அவர் கால்களின் வலி லயத்திற்குள்ளேயே தங்கிவிட்டது. அவ்வலிக்கான மருந்தின் மூலப்பொருள் இந்நாட்டு மண்ணிலேயே விளைகிறது, விலையும் மலிவு. மாதம் ஒருமுறை அட்டையை வாங்கிப் பார்த்து, அளவு சரியா என்று கேட்கும் ஒருவரை அவர் வாயிலுக்கு அனுப்புவதே எஞ்சியுள்ள பணி. திட்டமிடுவோரும் நாளைய அலுவலர்களாகிய மாணவர்களும் மருத்துவ வசதி என்ற தலைப்பின்கீழ் கட்டடத்தையும் மருந்தையும் எண்ணிய பின்னர், அந்த ஒருவரையும் சேர்த்து எண்ணுவார்களாயின், போனக்காடு போன்ற மலையூர்கள் பெரும் பயன் எய்தும்.